1982-இல் நடக்கும் ‘முண்டாசுப்பட்டி’ இன்றும் ஏன் பிடிக்கிறது?

வைகை வடகரை:
நேற்று இரவு டிவியில் ‘முண்டாசுப்பட்டி’ போட்டார்கள். வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து சிரித்தோம். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 2014-இல் வந்த படம், கதை நடப்பது 1982-இல். போட்டோ எடுத்தால் உயிர் போய்விடும் என்று நம்புகிற ஊர். அங்கே செத்தவரை மட்டும்தான் படம் எடுக்கலாம். அந்த ஊர்ப் பெண் கலைவாணியை (நந்திதா) விரும்பும் ஸ்டூடியோக்காரன் கோபி (விஷ்ணு விஷால்), ஊர்த் தலைவர் சாகக் கிடக்கிறார் என்று கேமராவோடு போகிறான். எடுத்த படம் கெட்டுவிடுகிறது. அதே சாயலில் இருக்கும் முனிஸ்காந்தைப் பிணம் மாதிரி உட்காரவைத்து மறுபடி எடுக்கிறார்கள். இயக்குநர் ராம்குமாருக்கு இதுதான் முதல் படம்.

பழைய சாமான்களைக் காட்டி மயக்குகிற படம் என்று இதை ஒதுக்குகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெல்பாட்டம், டிரான்சிஸ்டர் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். இந்தப் படத்தில் அந்தக் காலம்தான் கதையையே நகர்த்துகிறது. எடுத்த படம் ஒழுங்காக வந்திருக்கிறதா என்று ஸ்டூடியோவுக்குத் திரும்பிவந்து பிலிம் ரோலைக் கழுவினால்தான் தெரியும். அதற்குள் அங்கே பிணத்தைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். இன்றைக்கு என்றால் நின்ற இடத்திலேயே போனில் பார்த்துவிட்டு இன்னொன்று தட்டிவிடுவோம், கதையே இருக்காது. காதலும் அப்படித்தான். படமே எடுக்கக் கூடாத ஊர்ப் பெண்ணைப் படம் எடுத்துப் பிழைப்பவன் விரும்புகிறான். அந்தச் சிக்கல் அந்தக் காலத்தில்தான் முளைக்கும்.

செல்லூர் தம்பி:
அண்ணே, கதை நன்றாகப் பின்னப்பட்டிருக்கிறது, சரி. ஆனால் அது எதை விட்டுவிட்டது என்று பார்க்க வேண்டாமா? பழைய காலத்துக் காதல் படங்கள் எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அன்றைக்கு மனிதரை நெரித்ததையெல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தை நமக்குப் பரிமாறுகின்றன. நம்ம ஊர்ப் படத்தையே எடுங்கள். ‘சுப்ரமணியபுரம்’ 2008-இல் வந்தது, கதை 1980-இன் மதுரை. முதல் பாதியில் ஜெய்யும் சுவாதியும் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள், ‘சிறு பொன்மணி அசையும்’ ஒலிக்கும், ஊரே சிரித்துக்கொண்டு பார்த்தது. இப்போதும் அந்தத் துண்டை மட்டும் வெட்டித்தான் ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். அதே பெண் கூப்பிட்டு வந்ததால்தான் ஜெய் நடித்த அழகர் வெட்டுப்பட்டுச் சாகிறான் என்பதை எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள். இயக்குநர் சசிகுமார் அந்த இனிப்பைக் கொடுத்துவிட்டு அதற்கான விலையையும் நம்மிடம் வாங்கினார். ‘முண்டாசுப்பட்டி’ விலை கேட்கவே இல்லை. யாருடைய சாதி என்ன, ஸ்டூடியோக்காரன் அந்தத் தெருவுக்குள் நடக்க முடியுமா என்பதெல்லாம் 1982-இல் நிஜமான கேள்விகள். படத்தில் ஊருக்கு இருக்கிற ஒரே குறை கேமரா பயம்.

வைகை வடகரை:
தம்பி, கழுத்தை வெட்டினால்தான் படம் நேர்மையானதா? சிரிக்கவைக்கும் படத்துக்குக் கணக்கே வேறு. ஒரு ஊர் முழுக்க ஒரு பயத்தைப் பிடித்துக்கொண்டு அதற்குச் சடங்கும் தண்டனையும் வைத்திருப்பதை அது எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது! அதைப் பார்த்துச் சிரிக்கிறவனுக்குத் தன் வீட்டுப் பயங்களும் கொஞ்சம் தெரியத்தான் செய்யும்.

ஹைப்போ வாசம்:
எங்கள் அப்பா ஸ்டூடியோ வைத்திருந்தவர், அதனால் சொல்கிறேன். செத்தவரைப் படம் எடுப்பது வெறும் கற்பனை இல்லை. உயிரோடு இருக்கும்போது ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாத பெரியவர்கள் எத்தனையோ பேர். இறந்ததும் ஆள் அனுப்பி ஸ்டூடியோக்காரரைக் கூப்பிடுவார்கள். நாற்காலியில் உட்காரவைத்து, தாடையைத் துணியால் கட்டி, மாலை போட்டு, மகன் மகள் பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். சுவரில் மாட்ட அந்த வீட்டுக்கு அது ஒன்றுதான் படம். ஒரு படம் வீணானால் அப்பா இரண்டு நாள் யாரிடமும் பேச மாட்டார். பிலிமைக் கும்மிருட்டில்தான் கழுவ வேண்டும், சிவப்பு விளக்கு பிரிண்ட் போடும்போதுதான். டெவலப்பரில், அதாவது பிலிமைக் கழுவும் மருந்தில், பிசகினால் திரும்ப எடுக்க வழியே இல்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் ரசித்துப் பார்த்த படம் அது, எங்களுக்கு அந்தப் பதற்றம் தெரியும் என்பதால்.

இன்னொன்று. அன்றைய ஸ்டூடியோக்களுக்குப் பெரிய வேலை, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் பெண் படம். நெகட்டிவில் பென்சிலால் டச்சப் செய்து முகத்தைத் திருத்துவார்கள். காதல் கதைக்கு ஸ்டூடியோவைவிட நல்ல இடம் கிடையாது என்பேன்.

தெற்குமாசி:
ஸ்டூடியோ தம்பி சொன்ன அந்த இரண்டாவது விஷயத்தில்தான் எனக்குப் பேச வேண்டியது இருக்கிறது. நான் அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் போன பெண். எங்கள் வீட்டில் பெண்பிள்ளை படத்தை லேசில் வெளியே கொடுக்க மாட்டார்கள். ஸ்டூடியோவுக்கு அம்மாவோ சித்தியோ கூட வருவார்கள், பிரிண்டோடு நெகட்டிவையும் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். இன்னொரு காப்பி போட்டு எவனாவது சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் பெண் பேர் கெட்டுப்போகும் என்ற பயம். அதற்குப் பெயர் மூடநம்பிக்கை இல்லை, குடும்ப மானம். முண்டாசுப்பட்டிக்காரர்களைப் பார்த்து ஏன் இவ்வளவு சிரித்தேன் என்று யோசித்தால் அங்கேதான் போய் நிற்கிறது. கேமராவைக் கண்டு நடுங்கிய வீடு எங்கள் வீடும்தான்.

என் கூடப் படித்த ஒருத்தியின் நோட்டுக்குள் ஒரு கடிதம் அகப்பட்டது. அவள் எழுதியதுகூட இல்லை, அவளுக்கு வந்தது. அடுத்த வாரத்திலிருந்து பள்ளிக்கூடம் இல்லை, அந்த வருடமே கல்யாணம். எழுதியவன் படிப்பை முடித்து வேலைக்குப் போனான். பஸ் ஸ்டாப்பில் காத்திருந்த காதல் என்று படங்கள் உருகுகின்றனவே, அந்த பஸ் ஸ்டாப்பில் நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு பஸ் சீக்கிரம் வரட்டும் என்று நின்றிருக்கிறோம்.

செல்லூர் தம்பி:
அக்கா, நான் சொல்ல வந்ததும் இதுதான்.

தெற்குமாசி:
இல்லை தம்பி, நீங்கள் சொன்னது வேறு. படத்தில் கசப்பு இல்லை என்பது உங்கள் வருத்தம், கொலையில் முடிந்தால் உங்களுக்குத் திருப்தி. சுப்ரமணியபுரத்திலும் அந்தப் பெண் முதலில் பார்வை, கடைசியில் துரோகம். நடுவில் அவள் வீட்டுக்குள் என்ன நடந்தது, அவளை எப்படிச் சம்மதிக்கவைத்தார்கள் என்பது என் மனசுக்குப் போதுமான அளவு வரவில்லை. இரண்டு படமும் ஆண்களின் ஞாபகம். ஒன்று சிரிக்கிறது, ஒன்று அழுகிறது. அதற்காகச் சிரிக்கிற படத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நாட்களில் எங்களுக்கும் சிரிப்பு இருந்தது, சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறோம். அதையும் சேர்த்து எடுத்துப்போக வேண்டாம்.

வைகை வடகரை:
அக்கா சொன்னதற்குப் பிறகும் படத்தின் மேல் எனக்குள்ள மரியாதை குறையவில்லை. ஆனால் நந்திதாவின் கலைவாணியை நாம் பெரும்பாலும் கோபி பார்க்கும் தூரத்திலிருந்துதான் பார்க்கிறோம், அது உண்மை. படம் எடுக்கக் கூடாது என்ற ஊரில் தன் முகத்தைப் படத்தில் பார்க்க அவளுக்கு ஆசை இருந்திருக்காதா? அதே கதையை அவள் பக்கத்திலிருந்து சொல்லியிருந்தாலும் சிரிப்பு வந்திருக்கும்.

செல்லூர் தம்பி:
வந்திருக்கலாம். ஆனால் எடுக்கவில்லையே அண்ணே. 2014-இல் உட்கார்ந்து 1982-ஐ எழுதுகிறவருக்கு அந்தச் சுதந்திரம் முழுக்க இருந்தது, அவரை யாரும் தடுக்கவில்லை. அதனால்தான் ‘அந்தக் காலம் அப்படி’ என்ற பதிலை நான் ஏற்க மாட்டேன்.

தெற்குமாசி:
அதில் நான் உங்கள் பக்கம். அடுத்து யாராவது எண்பதுகளின் மதுரையைப் படமாக எடுத்தால், பெண்கள் கவுண்டரில் டிக்கெட் எடுக்க நின்ற வரிசையிலிருந்து தொடங்கட்டும். அங்கே நாங்கள் பேசிச் சிரித்தது எவருக்கும் இன்னும் தெரியாது.