அப்ஸ்ட்ராக்ட் எங்கே சறுக்குகிறது? பயிற்சி மருத்துவர்களுக்காகச் சில அனுபவக் குறிப்புகள்

மாநாட்டுக்கு வரும் அப்ஸ்ட்ராக்ட்களில் (ஆய்வுச் சுருக்கங்களில்) அடிக்கடி கண்ணில் படுவது, பாதி இடத்தைப் பின்னணியே தின்றிருப்பது. "நீரிழிவு உலகெங்கும் பெருகிவரும் நோய்" என்பது மதிப்பீட்டாளருக்குத் தெரியாததா? 250 சொல் வரம்பென்றால் பின்னணியும் குறிக்கோளும் 50க்குள் அடங்கட்டும். முறைகளுக்கு 70, முடிவுகளுக்கு 100, மிச்சம் முடிவுரைக்கு. முடிவுகளை முதலில் எழுதுங்கள், தலைப்பைக் கடைசியில் வையுங்கள். வரம்பு சொற்களிலா எழுத்துகளிலா, தலைப்பும் அட்டவணையும் கணக்கில் சேருமா என்பதை எழுதும் முன்பே பார்த்துவிடுங்கள்.

*

முடிவுகள் பகுதியைப் பற்றி இன்னும் கொஞ்சம். "தொற்று குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது, பி மதிப்பு 0.05க்குக் கீழ்" என்று மட்டும் எழுதினால் எவ்வளவு குறைந்தது என்று தெரியாது. உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவோ இதைவிடப் பெரிதோ வித்தியாசம் தெரிய எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் பி மதிப்பு சொல்கிறது. எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனைக் கணக்கு: "சிகிச்சைக் குழுவில் 80 பேரில் 12 பேருக்குத் தொற்று (15%), ஒப்பீட்டுக் குழுவில் 80 பேரில் 24 பேருக்கு (30%), வித்தியாசம் 15 விழுக்காட்டுப் புள்ளி, 95% நம்பிக்கை இடைவெளி 2.3 முதல் 27.7 வரை." இதில் எல்லாம் இருக்கிறது; உண்மையான வித்தியாசம் எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்பதை நம்பிக்கை இடைவெளி காட்டிவிடுகிறது. "தொற்று பாதியானது" என்று மட்டும் சொன்னால், 2% என்பது 1% ஆனதற்கும் அதே வாக்கியம் பொருந்திவிடும்.

மென்பொருள் 0.000 என்று காட்டினால் அப்படியே ஒட்டாதீர்கள். பி மதிப்பு பூஜ்ஜியமாக முடியாது, "0.001க்குக் குறைவு" என்று எழுத வேண்டும். மருத்துவமனையில் தங்கிய நாள்களுக்குச் சராசரி 4.2, திட்ட விலக்கம் (மதிப்புகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 5.1 என்று வந்தால், நாள்கள் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது என்பதால், தரவு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அங்கே இடைநிலை மதிப்பும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) கால்மான இடைவெளியும்தான் (நடுப் பாதிப் பேர் அடங்கும் எல்லை) பொருத்தம்.

*

முதன்மை விளைவில் (ஆய்வு முக்கியமாக அளக்க எடுத்துக்கொண்டதில்) வித்தியாசமே வராவிட்டால் என்ன செய்வது என்று ஜூனியர்கள் கேட்பதுண்டு. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அதை விழுங்கிவிட்டு, நன்றாக வந்த ஒரு துணைக்குழு முடிவைத் தலைப்புக்குக் கொண்டுபோவது மதிப்பீட்டாளருக்கு உடனே தெரிந்துவிடும். பி மதிப்பு 0.05ஐச் சற்றே தாண்டினால் "முக்கியத்துவத்தை நெருங்கியது" என்ற சொல்லாடலும் வேண்டாம். இன்னொரு பக்கம், 30 பேர் கொண்ட ஆய்வில் பி மதிப்பு 0.2 வந்ததும் "இரு சிகிச்சைகளும் சமம்" என்று எழுதுவதும் தப்பு. நம்பிக்கை இடைவெளி அகலமாக இருந்தால், முடிவு சொல்லத் தரவு போதவில்லை என்றுதான் பொருள்.

பழைய பதிவேடுகளை வைத்துச் செய்யும் பின்னோக்கிய ஆய்வில் "காரணமாகிறது", "தடுக்கிறது" என்ற வினைகளையும் தவிருங்கள். "தொடர்புடையது" போதும்.

*

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 1999இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு ஆறு பெரிய மருத்துவ இதழ்களைப் பார்த்தது. கட்டுரையோடு பொருந்தாத, அல்லது கட்டுரையிலேயே இல்லாத தரவு கொண்ட சுருக்கங்கள், இதழைப் பொறுத்து 18 முதல் 68 விழுக்காடு வரை இருந்தன. பெரிய இதழ்களிலேயே இந்தக் கதி! கட்டுரையின் அட்டவணைகள் திருத்தப்பட்டபின் சுருக்கம் பழைய எண்ணோடு நின்றுவிடுவதும் ஒரு காரணம். அச்செடுத்து, ஒவ்வொரு எண்ணையும் அட்டவணையோடு ஒப்பிட்டு டிக் அடித்து வாருங்கள். பகுதி எண்ணிக்கைகளைக் கூட்டினால் மொத்தம் வருகிறதா என்றும் பாருங்கள்.

நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் குழுக்களாகப் பிரித்த ஆய்வென்றால், என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும், சுருக்கங்களுக்கென்றே 2008இல் வந்த கன்சார்ட் பட்டியல் இருக்கிறது. எத்தனை பேர் பிரிக்கப்பட்டார்கள், எத்தனை பேர் பகுப்பாய்வில் இருந்தார்கள், பக்கவிளைவுகள், ஆய்வின் பதிவு எண் எல்லாவற்றையும் அது கேட்கிறது. நம்மவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது பக்கவிளைவுகளை.

*

அனுப்பும் நேரத்துக்கு:

"முடிவுகள் மாநாட்டில் தெரிவிக்கப்படும்" என்று எழுதினால் பெரும்பாலும் நேரே நிராகரிப்புதான். பெயர் மறைத்து மதிப்பிடும் இடமென்றால் மருத்துவமனைப் பெயர் முறைகள் பகுதியில்கூட வரக்கூடாது. ஒற்றை நோயாளி அறிக்கையானாலும் நோயாளியின் எழுத்துபூர்வ ஒப்புதல் கையில் இருக்கட்டும். எல்லா இணை ஆசிரியர்களும் இறுதி வடிவத்தைப் பார்த்திருக்க வேண்டும்; கைடுக்குக் கடைசி இரவில் அனுப்பினால் அது நடக்காது. ஒட்டியபின் முன்னோட்டத்தைத் திறந்து பாருங்கள், ± போன்ற குறிகள் சில தளங்களில் கேள்விக்குறியாகிவிடுகின்றன.