கோடைக்காலப் படிப்புத் திட்டங்கள்: அமெரிக்காவுக்குப் புதிதாகச் சென்றுள்ள கொங்குப் பெற்றோருக்கு

கோபியிலிருந்து நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்துள்ள சகோதரி ஒருவர், பத்தாம் வகுப்பில் சேர்ந்திருக்கும் தம் மகனைக் கோடையில் எந்தப் பல்கலைக்கழகத் திட்டத்துக்கு அனுப்பலாம் என்று கேட்டிருந்தார். பல ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டு நான் பெருந்துறைக்கே திரும்பிவிட்டேன் என்றாலும், இங்கிருந்து போகும் உறவினர்கள் பலரும் இதையே கேட்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

"உங்கள் பிள்ளை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார்" என்று தொடங்கி, கடைசிப் பக்கத்தில் சில ஆயிரம் டாலர் கட்டணத்தைச் சொல்லும் கடிதங்களில் மயங்கிவிட வேண்டாம். அத்தகைய முகாம்களில் பல, புகழ்பெற்ற வளாகத்தை வாடகைக்கு எடுத்து வெளியார் நடத்துபவை. போனால் பிள்ளைக்குப் பொழுது நன்றாகவே கழியும். கல்லூரிச் சேர்க்கையில் அதற்குப் பெரிய மதிப்பு இருக்காது. உண்மையில் போட்டி மிகுந்தவற்றுள், 1984இல் தொடங்கி இப்போது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக (எம்.ஐ.டி.) வளாகத்தில் ஆறு வாரம் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. (ரிசர்ச் சயின்ஸ் இன்ஸ்டிடியூட்) ஆய்வுத் திட்டமும், டெல்லூரைடு என்ற கல்வி அமைப்பின் கோடைக் கருத்தரங்கும் படிப்புக்கோ தங்குவதற்கோ பணம் வாங்குவதில்லை. 1957இல் தொடங்கிய ராஸ் கணிதத் திட்டத்துக்கும், பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1989 முதல் நடக்கும் ப்ராமிஸ் என்ற கணிதத் திட்டத்துக்கும் கட்டணம் உண்டு. குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவியும் தருகிறார்கள்.

விண்ணப்பத்தைத் திறக்கும் முன் விசாவைப் பாருங்கள். சில திட்டங்கள் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்கு மட்டுமே. ப்ராமிஸும் ராஸும் வெளிநாட்டு மாணவர்களையும் எடுக்கின்றன. பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளை ஊதியம் பெற முடியாது என்பதால், ஆய்வுக்கூடத்தில் உதவித்தொகை தரும் இடமாக இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

நம்மவர்கள் தடுமாறுவது மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில்தான். இங்கே இஸ்ரோ பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் யுவிகா முகாமுக்குக்கூட எட்டாம் வகுப்பு மதிப்பெண் கணக்கில் சேரும். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் வளர்ந்த பிள்ளைக்கோ, விடை சரியா தவறா என்பதைத் தவிர வேறு அளவுகோல் பழக்கமில்லை. ப்ராமிஸ் விண்ணப்பத்தில் தரும் கணக்குகள் வேறு மாதிரியானவை. சிறிய எண்களைப் போட்டுப் பார்த்து, ஏதோ ஓர் ஒழுங்கு தென்படுகிறதா என்று தேடி, அது எப்போதும் உண்மையாகுமா என்று தானே நிறுவ வேண்டும். பாதியில் நின்றாலும் அதுவரை வந்த வழியை எழுதலாம். என் அண்ணன் மகள் ஒரே கணக்குக்கு ஒரு நோட்டில் பாதியை நிரப்பினாள். அதில் பல பக்கங்கள் குறுக்கே கோடு போட்டு அடித்தவை. அண்ணனோ, அவற்றையெல்லாம் கிழித்துவிட்டு ட்யூஷன் வாத்தியாரிடம் கேட்டு நான்கே வரியில் விடையை எழுதி அனுப்பலாம் என்றார். அவள் சம்மதிக்கவில்லை. அந்த அடித்த பக்கங்களில் பிறந்த யோசனையைத்தான் இறுதியில் விளக்கி எழுதினாள். பிறர் உதவி கூடாது என்று விதியும் இருக்கிறது.

ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் புதிதாக வந்த பிள்ளைக்கு இன்னொரு சிக்கல். சேர்ந்து இரண்டு மாதமே ஆன மாணவனைப் பற்றி ஆசிரியர் என்ன எழுதுவார்? ஆகவே செப்டம்பரிலேயே கணித மன்றத்தில் சேர்ந்து, வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் சந்தேகம் கேட்டுப் பழகச் சொல்லுங்கள். கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்ற நம் ஊர்க் கூச்சம் அங்கே உதவாது.

ஆர்.எஸ்.ஐ., டெல்லூரைடு விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரிலேயே முடிந்துவிடும். ப்ராமிஸுக்கு மார்ச் வரை நேரம் இருக்கும். வகுப்புகள் ஜூனிலோ ஜூலை தொடக்கத்திலோ தொடங்கி ஜூலை கடைசி அல்லது ஆகஸ்ட் வரை நீள்வதால், அப்புச்சியையும் அமுச்சியையும் பார்க்க ஜூலையில் கோவைக்கு டிக்கெட் எடுக்க நினைப்பவர்கள், முடிவு தெரிந்த பிறகே எடுங்கள், அல்லது தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள்.