போர்மட் பண்ணியும் போகாத பூட் வைரஸ்

ஒவ்வொரு பகுதிக்கும் மேல இருக்கிறது அதைச் சொல்றவரின் ஊர்.

களுவாஞ்சிகுடி

சீ டிரைவை போர்மட் பண்ணி வின்டோஸைப் புதுசாப் போட்டு, ஒரு கிழமைக்குள்ள அதே வைரஸ் திரும்பி வந்தா பூட் செக்டரை, அதாவது கொம்பியூட்டர் எழும்பும்போது டிஸ்க்கில் முதல் வாசிக்கிற இடத்தை, சந்தேகப்படுங்க. போர்மட் தொடுறது பார்ட்டிஷனுக்கு (டிஸ்க்கைப் பிரிச்ச ஒரு துண்டு) உள்ள இருக்கிறதை மட்டுந்தான். எம்.பி.ஆர். என்ற மாஸ்டர் பூட் ரெக்கோர்ட் இருக்கிறது அதுக்கு வெளியே, டிஸ்க்கின் முதலாவது செக்டரில். மொத்தம் 512 பைட்: 446 பைட் பூட் கோட், 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி 2 பைட் 55 ஏஏ என்ற அடையாளம்.

446 பைட்டுக்குள்ள முழு வைரஸும் அடங்காது. அங்கே இருக்கிறது வாசல் மட்டும். விஸ்டாவிலிருந்து முதல் பார்ட்டிஷன் வழமையா 2048ஆவது செக்டரில் தொடங்கும். இடையில் 1 எம்.பி. அளவு வெறும் வளவு மாதிரிக் கிடக்கு, சிலது அதுக்குள்ள ஒளிக்கும். டி.டி.எல்.4 என்ற பூட் வைரஸ் டிஸ்க்கின் கடைசிப் பக்கத்தில் தனக்கென்று ஒரு மறைவுக் கிடங்கே வைத்திருக்கும்.

அதோட, இதுகள் பொய் சொல்லும். வின்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் செக்டரை வாசிக்கக் கேட்டா, எடுத்து வைத்திருக்கிற பழைய நல்ல பிரதியைக் காட்டிவிடும். உள்ள இருந்து ஸ்கேன் பண்ணி “ஒன்றுமில்லை” என்று வந்தா அதை நம்ப வேண்டாம். வெளியே இருந்து பூட் பண்ணித்தான் பார்க்கணும்.

கல்முனை

அண்ணன் சொன்னது சரி. ஆனா கட்டளை அடிக்க முதல் டிஸ்க் எந்த வகை என்று பாருங்க. இதைப் பார்க்காம யூடியூப்ல கண்டதை அடிச்சு, ஓடிக்கொண்டிருந்த மெஷினையும் படுக்க வைக்கிற ஆக்கள்தான் கூட.

வேறொரு சுத்தமான கொம்பியூட்டரில் 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் வின்டோஸ் இன்ஸ்டோலரைத் தயாரிச்சுக்கொள்ளுங்க. பூட் மெனு டெல், லெனோவோவில் எஃப்12, ஹெச்.பி.யில் எஃப்9, அசுஸ் மதர்போர்டில் எஃப்8. பென்னில இருந்து பூட் பண்ண முதல், ஷிப்ட் கீயை அமத்திக்கொண்டு ஷட்டவுன் குடுங்க. இல்லாட்டி பாஸ்ட் ஸ்டார்ட்டப் பாதி நித்திரையில விட்டுடும்.

செட்டப் திரை வந்ததும் ஷிப்டோட எஃப்10. கறுப்புத் திரையில் டிஸ்க்பார்ட் என்று அடிச்சு, லிஸ்ட் டிஸ்க் குடுங்க. ஜி.பி.டி. (புது வகைப் பார்ட்டிஷன் அட்டவணை) என்ற நிரலில் நட்சத்திரம் இருந்தா அது யூ.இ.எஃப்.ஐ. என்ற புது பூட் முறை, நான் அடுத்துச் சொல்றது அதுக்கு இல்லை. நட்சத்திரம் இல்லாட்டி எம்.பி.ஆர். டிஸ்க்பார்ட்டை விட்டு வெளியே வந்து, பூட்ரெக், ஒரு இடைவெளி, சாய்கோடு, பிக்ஸ்எம்பிஆர். இது பூட் கோடை மட்டும் புதுசா எழுதும், பார்ட்டிஷன் அட்டவணையில கை வைக்காது. லினக்ஸும் சேர்த்துப் போட்ட மெஷின் என்றா லினக்ஸைத் தெரிவு செய்ற க்ரப் மெனு போயிடும், பிறகு அதைத் தனியாத் திருத்தணும்.

செங்கலடி

நானா, பிக்ஸ்எம்பிஆர் அடிக்க முதல் பிரதி எடுக்கச் சொல்லுங்க. 90களில் மங்கி என்ற பூட் வைரஸ் பார்ட்டிஷன் அட்டவணையை அதுக்குரிய இடத்தில விட்டு வைக்காது. வைரஸ் மெமரியில் இருக்கும் மட்டும் டிரைவ் தெரியும். டொஸ் காலத்து எஃப்டிஸ்க் கட்டளையால் எம்.பி.ஆரை எழுதினா வைரஸும் போகும், டிரைவும் காணாமப் போகும். பழைய கதைதான், ஆனா பாடம் இன்றைக்கும் செல்லும். டிஸ்க்கில் போடாமலே ஓடுற லினக்ஸ் லைவ் பென்னில் பூட் பண்ணி, டிடி என்ற பிரதி எடுக்கிற கட்டளையில் பிளாக் அளவு 512, எண்ணிக்கை 2048 குடுத்து வேறொரு பென்னில் சேமியுங்க. 1,048,576 பைட் வரணும். குறைஞ்சா திரும்ப எடுங்க.

அதே டிடியால் எம்.பி.ஆரைப் பூச்சியத்தால் அழிக்கப் போறவர்கள் கவனம். அளவு 446. 512 குடுத்தா அட்டவணையும் சேர்ந்து போயிடும்.

பிக்ஸ்எம்பிஆர் குடுத்தும் போகேல்லை என்றா இரண்டு காரணம் பார்க்கலாம். ஒல்மாஸ்கோ என்ற வைரஸ் பூட் கோடைத் தொடவே தொடாது. டிஸ்க்கின் கடைசியில் சின்னப் பார்ட்டிஷன் ஒன்றை உண்டாக்கி, அட்டவணையில் அதையே அக்டிவ், அதாவது பூட் ஆகிற பார்ட்டிஷன், ஆக்கிவிடும். டிஸ்க்பார்ட்டில் அந்தச் சின்னதைக் கண்டா, வின்டோஸின் சிஸ்டம் பார்ட்டிஷனைத் தெரிவு செய்து அக்டிவ் என்று அடிச்சு, பிறகு மற்றதை அழியுங்க. முதல் அளவைப் பாருங்க: 100 எம்.பி., 500 எம்.பி. என்று இருக்கிறது வின்டோஸ் தானே ஒதுக்கினதாகவும் இருக்கலாம், கம்பனி போட்ட ரிக்கவரி பார்ட்டிஷன் ஜி.பி. கணக்கில் இருக்கும்.

இரண்டாவது, ரொவ்னிக்ஸ் மாதிரியான வைரஸ் பார்ட்டிஷனின் சொந்த பூட் செக்டரில் இருக்கும். அதுக்கு இன்ஸ்டோலர் பென்னில் பூட் என்ற போல்டருக்குள்ள இருக்கிற பூட்செக்ட் வேணும். பூட்செக்ட், இடைவெளி, சாய்கோடு என்.டி.60, இடைவெளி, சிஸ் என்று குடுங்க. பூட்ரெக் பிக்ஸ்பூட் வின்டோஸ் 10இல் “அக்சஸ் இஸ் டினைட்” என்று சண்டித்தனம் பண்றது வழமை, அதோட மல்லுக்கட்டாதீங்க.

அக்கரைப்பற்று

2012க்குப் பிறகு வின்டோஸ் 8 போட்டே வந்த மெஷின்கள் பெரும்பாலும் யூ.இ.எஃப்.ஐ. அங்கே முதல் செக்டரைத் திருத்திப் பிரயோசனமில்லை. பூட் ஃபைல்கள் இ.எஃப்.ஐ. பார்ட்டிஷனில் இருக்கு, ஃபேட்32, வழமையா 100 எம்.பி. 2023இல் பேசப்பட்ட பிளாக்லோட்டஸ் என்ற பூட் வைரஸ் குந்தினது அங்கேதான், அதுவும் கையொப்பம் இல்லாத பூட் ஃபைலைத் தடுக்கிற செக்யூர் பூட் போட்டிருக்கும்போதே. இன்ஸ்டோலர் பென்னில் இருந்து டிஸ்க்பார்ட்டில் அந்தப் பார்ட்டிஷனைத் தெரிவு செய்து ஃபேட்32 க்விக் போர்மட், எஸ் என்று டிரைவ் எழுத்து, பிறகு பூட் ஃபைல் எழுதுற பீசீடிபூட் கட்டளைக்கு வின்டோஸ் போல்டரைக் காட்டி, எஸ்ஸில் யூ.இ.எஃப்.ஐ. வகை பூட் ஃபைல்களை எழுதச் சொல்லுங்க. இன்ஸ்டோலருக்குள்ள சீ என்று தெரியுறது உங்கட சீயா இல்லாமலும் இருக்கலாம், டிர் அடிச்சுப் பார்த்துப்போட்டு எழுதுங்க. டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் போட்ட மெஷின் என்றா 48 இலக்க ரிக்கவரி கீயைக் கையில வைச்சுக்கொண்டு தொடங்குங்க.

இது உள்ள இருந்த பூட் ஃபைலைத்தான் மாத்தும். வின்டோஸுக்குள்ள ஏற்கெனவே இறங்கின மற்றதுகள் அப்படியே இருக்கும். என்னைக் கேட்டா, பிளாக்லோட்டஸ் வகை என்று நிச்சயமானா புதுசாப் போடுறதுதான் நிம்மதி.

லோஜாக்ஸ் என்ற வைரஸ் மாதிரி மதர்போர்டில் இருக்கிற பயாஸ் சிப்புக்குள்ளேயே போறதும் இருக்கு, 2018இல் கண்டுபிடிச்சது. ஹார்ட் டிஸ்க்கை மாத்தினாலும் போகாது, பயாஸைத் திரும்ப எழுதணும். வீட்டுக் கொம்பியூட்டரில் அது மிக அபூர்வம், முதலாவதா அதை நினைச்சுப் பயப்பட வேண்டாம். எழுதினா யூ.பி.எஸ். இல்லாம எழுதாதீங்க. நடுவில கரண்ட் போனா போர்டு செத்தது.

ஆரையம்பதி

பூட் வைரஸ் என்று வாறதில் பாதிக்கு மேல பூட் வைரஸ் இல்லை. கொமினிகேசன் கடையில் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்த பென்னில் போல்டர் எல்லாம் ஷோர்ட்கட் ஆகியிருந்தா அது வேற சாதி. அட்ரிப் கட்டளையில் கழித்தல் குறியோட எச், எஸ், ஆர், பிறகு சாய்கோடு எஸ், சாய்கோடு டி குடுத்தா மறைஞ்ச போல்டர்கள் வெளியே வரும். ஷோர்ட்கட்டை அமத்தாதீங்க, அதுதான் வைரஸை எழுப்புது. பென்னைச் செருகினவுடன் எம்.பி.ஆர். கெடுறதுமில்லை. அட்மின் அனுமதியோட ஏதோ ஒன்று ஓடணும். கள்ள ஆக்டிவேட்டருக்கு “யெஸ்” அமத்தினவங்கதான் அந்த அனுமதியைக் குடுக்கிறாங்க.

“நோ பூட்டபிள் டிவைஸ்” என்று வந்தா முதல் நேரத்தைப் பாருங்க. பழைய வருசம் காட்டினா சி.ஆர். 2032 பட்டரி முடிஞ்சிருக்கும். புதுசு 3 வோல்ட். பட்டரி செத்தா பயாஸ் பழைய அமைப்புக்குத் திரும்பி, டிஸ்க்கை வாசிக்கிற முறை ஏ.ஹெச்.சி.ஐ.யில இருந்து ஐ.டி.இ. ஆகலாம், பூட் ஒழுங்கும் மாறலாம். கடலோர வீடுகளில் சாட்டா வயரின் முனையும் உப்புக்காற்றில் கறுத்திருக்கும், கழட்டித் துடைச்சுப் போட்டாலே சிலது எழும்பிடும்.

களுவாஞ்சிகுடி

ஓம், அதையும் முதல் பார்க்கணும்.

இவ்வளவும் செய்தும் சந்தேகம் என்றா: லைவ் பென்னில் பூட் பண்ணி படங்கள், வேர்ட், எக்செல் ஃபைல்களை மட்டும் வெளியே எடுங்க. செட்டப் ஃபைல், ஸ்கிரீன்சேவர் ஒன்றும் வேண்டாம். பிறகு டிஸ்க்பார்ட்டில் பார்ட்டிஷன் எல்லாத்தையும் அழிக்கிற கிளீன் கட்டளை. டிஸ்க் இலக்கத்தை அளவைப் பார்த்து உறுதிப்படுத்துங்க, டேட்டா எடுத்த பென்னோ வெளி டிஸ்க்கோ செருகியிருந்தா கழட்டுங்க. கிளீன் பண்ணினா “நிச்சயமா?” என்று கேட்காது. கிளீன் ஓல் ஒவ்வொரு செக்டரையும் பூச்சியமாக்கும், 1 டி.பி. ஹார்ட் டிஸ்க்குக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் போகும். எஸ்.எஸ்.டி.க்கு ஓல் தேவையில்லை.

முடிஞ்சதும் மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாத்துங்க. வீட்டில இருக்கிற பென் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி முடியும் மட்டும் அதை ஃபோனில் செய்யுங்க, அந்த மெஷினில் இல்லை.