எச்5என்1: நுரையீரலைக் கெடுக்கிறது வைரஸா, உடம்பின்ட எதிர்ப்பா?

வெள்ளவத்தை_நேர்ஸ்:
அடுத்த கிழமை ஐசியூ நேர்ஸ்மாருக்கு எச்5என்1 பறவைக்காய்ச்சல் பற்றி அரை மணித்தியாலம் விளங்கப்படுத்த வேணும். ரெண்டு இடத்தில தடக்குது. வழமையான ஃப்ளூ பெரும்பாலும் மூக்கு, தொண்டையோட நிக்குது. இது ஏன் அடி நுரையீரலுக்கு இறங்குது? 'சைட்டோகைன் புயல்' (உடம்பின்ட எதிர்ப்புச் சமிக்ஞைப் புரதங்கள் அளவுக்கு மீறிச் சுரக்கிறது)தான் ஆளைக் கொல்லுது எண்டால், ஸ்டீரொய்ட் குடுத்து அமத்தினால் என்ன?

பொரளை_லாப்:
வைரஸ் ஒட்டுற இடம்தான் வித்தியாசம் தங்கச்சி. மனித ஃப்ளூ ஒட்டுற ஆல்ஃபா-2,6 சியாலிக் அமிலம் (கல மேற்பரப்பில உள்ள ஒரு வகைச் சர்க்கரை) மேல் சுவாசப்பாதையில நிறைய இருக்கு. பறவை வைரஸ் தேடுறது ஆல்ஃபா-2,3. எங்களுக்கு அது கூட இருக்கிறது மூச்சுக்குழாய்களின்ட நுனியிலயும் காற்றுப்பைகளின்ட இரண்டாம் வகைக் கலங்களிலயும். காற்றுப்பை சுருங்காமல் வைச்சிருக்கிற சர்ஃபக்டன்ட் சுரக்கிறதும், சுவரை மூடியிருக்கிற முதலாம் வகைக் கலம் செத்தால் பிரிஞ்சு அந்த இடத்தை அடைக்கிறதும் இந்தக் கலங்கள்தான். சுவர் இடியேக்க மேசனும் செத்த மாதிரி. காற்றுப்பை சுருங்கும், புரதநீர் கசியும், உள்பக்கம் ஹையலின் சவ்வு (புரதமும் செத்த கலங்களும் சேர்ந்த படலம்) படியும். எக்ஸ்ரேயில ரெண்டு பக்கமும் வெள்ளை.

கண்ணிலயும் ஆல்ஃபா-2,3 இருக்கு. 2024இல அமெரிக்கப் பாற்பண்ணைத் தொழிலாளர் பலருக்குக் கண் சிவந்ததோட நிண்டது அதாலயாக இருக்கலாம்.

அடுத்தது ஹீமக்லூட்டினின், வைரஸ் கலத்தில ஒட்டப் பாவிக்கிற மேற்பரப்புப் புரதம். அது வெட்டப்பட்டால்தான் வைரஸ் தொற்றும். வழமையான ஃப்ளூவுக்கு டிரிப்சின் மாதிரி நொதி வேணும், அது சில இடத்தில மட்டும்தான். கொடிய எச்5 வகையில வெட்டுமிடத்தில ஆர்ஜினின், லைசின் எண்ட அமினோ அமிலங்கள் வரிசையா நிக்கும்; கிட்டத்தட்ட எல்லாக் கலத்திலயும் உள்ள ஃபியூரின் எண்ட நொதியே வெட்டிப்போடும். கோழிக்கு உடம்பு முழுக்கப் பரவுறது இதாலதான்.

கறுவாத்தோட்டம்_மெடிசின்:
ஸ்டீரொய்டுக்கு வாறன். 'புயல்' எண்ட சொல்லே பாதிக் குழப்பம். 2006இல வந்த வியட்நாம் ஆய்வில 18 எச்5என்1 நோயாளர். இறந்தவையின்ட தொண்டையில வைரஸும் கூட, இரத்தத்தில ஐபி-10, ஐஎல்-6 போன்ற சைட்டோகைன்களும் கூட, டி கலங்கள் (வைரஸை எதிர்க்கிற வெள்ளணுக்கள்) குறைவு. வைரஸ் ஏற ஏறத்தான் சைட்டோகைனும் ஏறினது. டிஎன்எஃப் எண்ட சைட்டோகைனின்ட அல்லது ஐஎல்-6இன்ட மரபணு நீக்கின எலிகளும் எச்5என்1இல தப்பேல்லை.

அதால முதல் அடி வைரஸுக்கு. வைரஸ் எதிர்ப்பு மருந்தான ஒசல்டமிவிர் 75 மி.கி. ரெண்டு வேளை, 5 நாள், கடுமையெண்டால் நீட்டலாம். கிரியட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிக்கிற வேகம்) நிமிடத்துக்கு 30–60 மி.லீ. எண்டால் 30 மி.கி. ரெண்டு வேளை. முதல் 48 மணித்தியாலம் சிறந்தது, பிந்தினாலும் தொடங்குங்கோ; ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஸ்டீரொய்ட் வைரஸ் வெளியேறுறதைப் பிந்தவைக்கும், மேல பக்டீரியா, பங்கஸ் தொற்றும் சேரும். 2024 உலக சுகாதார நிறுவன வழிகாட்டலும் கடுமையான ஃப்ளூவுக்கு அதைப் பரிந்துரைக்கேல்லை. ஆஸ்துமா, செப்டிக் ஷொக் வேற கணக்கு.

வென்டிலேட்டரில கிலோவுக்கு 6 மி.லீ.; அது உயரத்தை வைச்சுக் கணிச்ச எடை, கட்டில் தராசு காட்டுறது இல்லை. இந்தப் பிழை அடிக்கடி நடக்கும். பிளட்டோ அமுக்கம் (காற்று உள்ள போய் நிக்கேக்க இருக்கிற அமுக்கம்) 30 செ.மீ. நீருக்குக் கீழ. தேவையெண்டால் நாளுக்கு 16 மணித்தியாலம் குப்புறப் போடுங்கோ.

வெள்ளவத்தை_நேர்ஸ்:
நன்றி டொக்டர். மூக்கு ஸ்வொப் நெகட்டிவ் எண்டால் விட்டிடலாமோ?

பொரளை_லாப்:
விடாதேங்கோ. எச்5என்1 மூக்கை விடத் தொண்டையில கூடக் கிடைக்கும், அடியில இன்னும் கூட. ரெண்டு ஸ்வொப்பும் எடுங்கோ. டியூப் போட்டிருந்தால் ட்ரேக்கியல் அஸ்பிரேட்டும் (மூச்சுக்குழாயில இருந்து உறிஞ்சின சளி) எடுங்கோ, என்95, கண்ணாடியோட, மூடின சக்ஷனில. விரிஎம்மில (வைரஸ் மாதிரியைக் கொண்டுபோற திரவம்) 2–8 பாகை செல்சியஸ், 72 மணித்தியாலத்துக்குள்ள எம்ஆர்ஐக்கு (பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம்) அனுப்புங்கோ. ஃபோர்மில 'கோழி தொடர்பு' எண்டு கட்டாயம் எழுதுங்கோ. இன்ஃப்ளுவன்சா ஏ பொசிட்டிவ், ஆனால் வழமையான மனித வகையான எச்1உம் இல்லை எச்3உம் இல்லை எண்டு வந்தால் ஃபோன் எடுத்தே சொல்லுங்கோ.