பீச் காப்லர்: ஓரம் கருகுகிறது, நடுவில் களி. ஜூலை 4-க்குள் உதவி தேவை

காவேரிக்கரை (ஜூலை 1, இரவு)

அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரப் பக்கம் குடியிருக்கிறோம். ஜூலை 4, இங்கே சுதந்திர தினம், அன்று எங்கள் தெருவே ஒன்றுகூடிச் சாப்பிடும். வீட்டுக்கு ஒரு பண்டம் கணக்கு. போன வருடம் எலுமிச்சைச் சாதம் கொண்டுபோனேன், பாதி திரும்பி வந்தது. இந்த வருடம் எதிர்வீட்டுப் பாட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். தீபாவளிக்கு முறுக்குக் கொடுத்த நாளிலிருந்து அவருக்கு என்மேல் தனிப் பிரியம். "நீ பீச் காப்லர் செய். இதைவிட எளிதாக எதுவும் கிடையாது" என்று சொல்லி ஓர் அட்டையில் எழுதியும் கொடுத்தார். காப்லர் என்றால் பழமும் மாவும் சேர்த்து ஓவனில் வேகவைக்கும் இனிப்பு. அட்டையில் இருப்பது இவ்வளவுதான் (குச்சி என்பது 113 கிராம் வெண்ணெய்க் கட்டி, டிகிரி ஃபாரன்ஹீட்):

வெண்ணெய் 1 குச்சி. மாவு 1 கப். சர்க்கரை 1 கப். பால் 1 கப். பீச். 350 டிகிரி. பொன்னிறமாகும் வரை. கிளறாதே.

இன்று ஒத்திகை பார்த்தேன். 9 அங்குலச் சதுரக் கண்ணாடிப் பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, மாவு, சர்க்கரை, பால் கலந்த கரைசலை அதன்மேல் ஊற்றி, பழத் துண்டுகளைப் பரப்பி ஓவனில் வைத்தேன். 45 நிமிடம் கழித்துப் பார்த்தால் பழம் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஓரமெல்லாம் வெண்ணெய்க் குளம். கரண்டியை விட்டால் அடியில் வெளுத்த களி, விட்டு எடுக்கும்போது 'ப்ளக்' என்று சத்தம் வேறு. இன்னும் 25 நிமிடம் வைத்தேன். ஓரம் கடலை மிட்டாய்போல் இறுகிக் கருகியது. நடு அப்படியே களி. என் மகன் ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா, எலுமிச்சைச் சாதமே செய்துவிடுங்கள்" என்கிறான்.

எங்கே தவறினேன்?

மாடிவீடு

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். எனக்கும் முதல் தடவை இதே கதிதான். பழத்தின் சாறுதான் காரணம். நான் டப்பாவில் வரும் பீச்சைப் பாகோடு அப்படியே கவிழ்த்தேன். அடுத்த முறை வடித்துவிட்டுப் போட்டேன், சரியாக வந்தது. நீங்கள் டப்பாப் பழமா, புதுப் பழமா? உறையவைத்த பழமென்றால் இன்னும் மோசம், உருகி உருகித் தண்ணீர் விடும்.

அரைவேக்காடு

கண்டிப்பாகக் கிளறியிருப்பீர்கள். கிளறாதே என்று எழுதியிருப்பதைப் பார்த்தாலே கை பரபரக்கும். இல்லையென்றால் ஆப்ப சோடா ஒரு தேக்கரண்டி போட்டுப் பாருங்கள், ஜம்மென்று எழும்பும்.

காவேரிக்கரை

@மாடிவீடு புதுப் பழம்தான். சாலையோரக் கடையில் வாங்கினேன், கடித்தால் முழங்கை வரை வழிகிறது. 6 பழம், தோலுரித்து நறுக்கி, அரைக் கப் சர்க்கரை தூவி ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். ஊறி வந்த சாற்றையும் சேர்த்தே ஊற்றினேன். வீணாக்க மனம் வரவில்லை.

@அரைவேக்காடு சத்தியமாகக் கிளறவில்லை.

உப்புக்கல்

சோடா வேண்டாம், தயவுசெய்து. ஆப்ப சோடா வேலை செய்யப் புளிப்பு வேண்டும். அட்டையில் இருப்பது பால், மோர் இல்லை. பீச் பழத்தின் லேசான புளிப்பு ஒரு தேக்கரண்டி சோடாவுக்குக் காணாது. மிச்ச சோடா நாக்கில் சோப்புபோல் நிற்கும்.

சகோதரி, சாறு ஒரு காரணம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாறு மட்டும் காரணமென்றால் நடுவில்தான் ஈரம் நிற்கும், ஓரத்திலாவது மாவு உப்பிப் பழத்துக்கு மேல் ஏறியிருக்கும். உங்களுக்கு எங்குமே ஏறவில்லை. 70 நிமிடம் வைத்தும் களி களியாகவே இருக்கிறதென்றால் அது நேரக் குறைவு இல்லை.

ஒரே ஒரு கேள்வி. மாவுப் பையின் முகப்பில் என்ன எழுதியிருக்கிறது? அப்படியே படித்துச் சொல்லுங்கள்.

காவேரிக்கரை

ஆல் பர்பஸ். வெளுக்காதது. 5 பவுண்டுப் பை. நம் ஊர் மைதாதானே?

உப்புக்கல்

கிடைத்துவிட்டது.

தென் கரோலினாவில் 22 வருடமாக இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். இந்தப் பக்கத்துப் பாட்டிமார் வெறுமனே 'மாவு' என்று எழுதினால் அது பெரும்பாலும் செல்ஃப் ரைசிங் மாவு. அதாவது பேக்கிங் பவுடரும் உப்பும் ஆலையிலேயே கலந்து பையில் வருவது. பிஸ்கட்டுக்கும் அதுதான், காப்லருக்கும் அதுதான். (இங்கே பிஸ்கட் என்றால் தேநீரில் தோய்க்கும் பிஸ்கட் என்று நினைக்காதீர்கள். சுடச்சுடப் பிட்டுத் தின்னும் மெத்தென்ற குட்டி ரொட்டி.) அவர்கள் வீட்டில் வேறு மாவே இல்லாதபோது அட்டையில் எதற்குப் பெயர் சொல்லி எழுதப்போகிறார்?

அட்டையை மறுபடி பாருங்கள். பேக்கிங் பவுடர் என்ற சொல்லே இல்லை, உப்பும் இல்லை. புளிக்காத மாவில் இட்லி வார்த்தால் என்ன ஆகும்? அதுதான் ஆகியிருக்கிறது.

இந்த வகைக் காப்லரின் முழு வித்தையும் அந்த ஏற்றத்தில்தான் இருக்கிறது. அடியில் வெண்ணெய், அதன்மேல் கரைசல், அதன்மேல் பழம். சூடு ஏற ஏறக் கரைசல் உப்பிப் பழத்துண்டுகளின் இடுக்கு வழியே மேலே வந்து மூடும். பழம் கீழே இறங்கும். ஓரத்தில் வெண்ணெய் கரைசலைப் பொரித்து மொறுமொறுப்பாக்கும், குழிப்பணியாரச் சட்டியில் எண்ணெய் செய்கிற அதே வேலை. கிளறினால் வெண்ணெய் மாவோடு கலந்து அந்த மொறுமொறுப்புப் போய்விடும். உப்புவதற்கே சரக்கு இல்லாவிட்டால் கரைசல் பழத்தின் பாரத்தில் அமுங்கிக் கிடக்கும், வெண்ணெய் அதன் தலைக்கு மேல் மிதக்கும். நீங்கள் சொன்ன வெண்ணெய்க் குளம் அதுதான்.

புதுப் பை வாங்க வேண்டியதில்லை. 1 கப் மைதாவுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி உப்பு. சலித்துக் கலந்துவிடுங்கள். பேக்கிங் பவுடர் பழசென்றால் அரைத் தேக்கரண்டி எடுத்து வெந்நீர் விடுங்கள். உடனே நுரைத்துப் பொங்க வேண்டும். சோம்பலாக நாலு குமிழி விட்டால் குப்பையில் போடுங்கள்.

காவேரிக்கரை (ஜூலை 2, காலை)

காலையிலேயே கதவைத் தட்டிப் பாட்டியிடம் கேட்டேன். "என்ன மாவு?" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "மாவு என்றால் மாவு" என்றார். உள்ளே கூட்டிப்போய் அலமாரியைத் திறந்து காட்டினார். வொயிட் லில்லி, செல்ஃப் ரைசிங், இரண்டு பை. வேறு மாவு கிடையாது.

@உப்புக்கல் அண்ணா, உங்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் சாற்றை ஊற்றலாமா கூடாதா? பாட்டியைக் கேட்டால் "பழத்தைப் பொறுத்தது" என்கிறார். எனக்குக் கணக்காகச் சொன்னால்தான் கை ஓடும்.

உப்புக்கல்

கணக்கு வேண்டுமென்றால் பாதி அளவில் இரண்டு செய்து பாருங்கள். ரொட்டி வேகவைக்கும் நீள டின் இரண்டு எடுத்து, ஒவ்வொன்றிலும் அரைக் குச்சி வெண்ணெய் (57 கிராம்), அரைக் கப் மாவு, அரைக் கப் சர்க்கரை, அரைக் கப் பால், 2 பழம். பேக்கிங் பவுடரையும் உப்பையும் பாதியாக்குங்கள். ஒன்றில் சாற்றோடு, மற்றதில் வடித்து. ஒரே ஓவன், ஒரே தட்டு, ஒரே நேரம். பிறகு யாரையும் கேட்க வேண்டாம்.

பாலை முன்கூட்டியே வெளியே எடுத்து வையுங்கள். ஜூலை 4 அன்று கண்ணாடிப் பாத்திரம்தான் என்றால் இது முக்கியம். வெண்ணெய் உருகிச் சுடச்சுட இருக்கும் கண்ணாடியில் குளிர்பெட்டிப் பாலில் கரைத்ததை ஊற்றினால் விரிசல் விட்டாலும் விடும். நான் வெண்ணெயை அடுப்பில் தனியாக உருக்கியே ஊற்றுகிறேன்.

மாடிவீடு

இந்த அட்டையில் முட்டை இல்லை, கவனித்தீர்களா? என் மாமியார் முட்டை தொடமாட்டார். இத்தனை வருடமாக அவருக்கென்று தனியாகக் கேக் தேடிக்கொண்டிருந்தேன்.

காவேரிக்கரை (ஜூலை 2, இரவு)

இரண்டும் செய்தாயிற்று. 350 டிகிரி, 42 நிமிடம். ஓவன் கண்ணாடி முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முதல் 15 நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. எனக்குக் கை கால் ஓடவில்லை. பிறகு ஓரத்திலிருந்து மாவு மெல்ல மெல்லப் பழத்தின் மேல் ஏறுகிறது, நம் கண்முன்னே! கடைசியில் நாலைந்து துண்டின் சிவந்த முனை மட்டும் வெளியே தெரிந்தது.

வடித்த டின்: மேலே பொன்னிறம், ஓரம் மொறுமொறு, உள்ளே மெத்து. பல்குச்சி சுத்தமாக வந்தது.

சாறு ஊற்றிய டின்: இதுவும் உப்பியது, ஆனால் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு ஈரம். பல்குச்சியில் ஒட்டுகிறது. இன்னும் 10 நிமிடம் வைத்ததும் ஓரளவு தேறியது. ருசி என்னவோ இதில்தான் அதிகம்! வடித்ததில் பீச் வாசனை கொஞ்சம் தள்ளி நிற்கிறது.

உப்புக்கல்

அந்த ருசியை விட வேண்டியதில்லை. வடித்த சாற்றைச் சின்னச் சட்டியில் ஊற்றிப் பாதியாகும் வரை சுண்டவையுங்கள். எலுமிச்சை நாலு சொட்டு. பரப்பிய பழத்தின் மேல் 2 அல்லது 3 மேசைக்கரண்டி மட்டும் விடுங்கள், மிச்சம் பரிமாறும்போது.

சோள மாவு (கார்ன்ஃப்ளவர்) சேர்க்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். பழம் அடியிலும் மாவு மேலேயும் இருக்கிற வகைக்குத்தான் அது தேவை. அதில் நடுவில் குமிழி விட்டுக் கொதிக்கும் வரை வெளியே எடுக்கக் கூடாது, கொதித்தால்தான் சோள மாவு கெட்டிப்படும். உங்கள் வகையில் மாவே சாற்றை உறிஞ்சிக்கொள்ளும்.

வெளியே எடுத்ததும் அரைமணி நேரம் தொடாதீர்கள். சுடச்சுட வெட்டினால் நல்ல காப்லரும் குழைந்துதான் நிற்கும்.

பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மே மாதத்தில் முதலில் வருவது சதை விதையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வகை, நறுக்குவதற்குள் உயிர் போகும். ஜூலையில் கிடைப்பது விதை தானாகக் கழலும் வகை, இரண்டாகத் திருகினால் போதும். தோலுரிக்க, அடியில் பெருக்கல் குறி கீறி, கொதிநீரில் அரை நிமிடம் போட்டு ஐஸ் தண்ணீருக்கு மாற்றுங்கள். பழுத்ததென்றால் சட்டை கழற்றுவதுபோல் கழலும். கழலவில்லை என்றால் பழம் இன்னும் காய், ஒரு நாள் மேசையில் வையுங்கள்.

கடைசியாக ஒரு பொறாமைக் குரல். வண்டி எண் பலகையில் பீச் படம் போட்டுக்கொள்வது ஜார்ஜியா. அதைவிட அதிகம் விளைவிப்பது எங்கள் தென் கரோலினா. கலிபோர்னியா எங்கள் இருவரையும் சேர்த்து விழுங்கிவிடும், அது வேறு.

காவேரிக்கரை

இதைப் பாட்டியிடம் சொல்லப்போவதில்லை, அண்ணா. 2023-இல் குளிர்காலம் சூடாகி, பிறகு பனி விழுந்து ஜார்ஜியாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விளைச்சல் போனதே, அந்த வருடம் கடையில் வேறு மாநிலப் பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே திரும்ப வைத்தவர் அவர்.

குன்னூர்க்காரி

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இங்கே நீலகிரியில் கிடைக்கும் பீச் சிறியது, கெட்டி, புளிப்பு. அகராதிக்காரர்கள் குழிப்பேரி என்கிறார்கள், எங்கள் சந்தையில் அப்படிக் கேட்டால் யாருக்கும் புரியாது. இதில் காப்லர் வருமா? என்னிடம் இருப்பது மேசைமேல் வைக்கும் ஓடிஜி (சின்ன மின் ஓவன்), 28 லிட்டர். செல்ஃப் ரைசிங் மாவெல்லாம் இங்கே கிடைக்காது.

காவேரிக்கரை (ஜூலை 5)

முதலில் என் கதை. முழு அளவில் செய்து, மூடி கொண்டுபோனேன். மேசையில் ஏற்கெனவே இரண்டு காப்லர்! எனக்கு வயிறு கலங்கியது. பாட்டி என்னுடையதில் ஓரத்தை மட்டும் உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, தலையாட்டிவிட்டு, மாலை முழுவதும் அந்தப் பாத்திரத்தின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெனிலா ஐஸ்கிரீமோடு பாத்திரம் காலி. சுண்டிய சாற்றை எங்கள் தெருப் பையன் ஒருவன் கரண்டியாலேயே குடித்துவிட்டான். நான் அரை ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தேன், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

@குன்னூர்க்காரி உங்களுக்கு அண்ணாதான் பதில் சொல்ல வேண்டும்.

உப்புக்கல்

@குன்னூர்க்காரி தாராளமாக வரும். புளிப்புக் காப்லருக்கு நல்லது. கெட்டிதான் சிக்கல், மாவு வேகிற நேரத்தில் பழம் வேகாது. துண்டுகளைக் கால் கப் சர்க்கரையோடு சட்டியில் போட்டு, கத்தி இறங்கும் வரை 6, 7 நிமிடம் வதக்கி, வடித்து, ஆறவைத்துப் பரப்புங்கள். மாவுக்கு மேலே சொன்ன மைதாக் கணக்குதான். அமெரிக்க 1 கப் என்பது சுமார் 240 மில்லி, வெண்ணெய் 1 குச்சி 113 கிராம். உப்பு வெண்ணெய் என்றால் தனி உப்பு வேண்டாம்.

ஓடிஜியில் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு 175 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். பாத்திரம் கீழ்த் தட்டில். மேல் கம்பி கிட்டத்தில் இருப்பதால் 25-ஆவது நிமிடத்திலேயே மேல்பக்கம் சிவந்து உங்களை ஏமாற்றும். அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிவிட்டுத் தொடருங்கள், 40-இல் பல்குச்சி விட்டுப் பாருங்கள். பாத்திரத்துக்கு அடியில் ஒரு தட்டு இருக்கட்டும், பாகு பொங்கிக் கம்பியில் விழுந்தால் வீடெல்லாம் புகை.