மூடகத்தில் மின்னைக் கடத்துவது நீரா, இரும்பா?

ஓமந்தை மாணவி:
எங்கள் காணியில் குழாய்க்கிணறு அடிப்பதற்கு முன்னர் நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே நேர்கோட்டில் அறைந்து, வெளிக்கம்பிகள் இரண்டினூடாக மின்னோட்டத்தைச் செலுத்தி, உட்கம்பிகளுக்கிடையே அழுத்த வேறுபாட்டை அளந்தார்கள். தடை குறைந்த இடத்தில் நீர் இருக்கக்கூடும் என்றார்கள். பூமியின் மேலோட்டுக்குக் கீழுள்ள பாறைப் படையாகிய மூடகத்திலும் கடத்துதிறன் கூடிய இடத்தில் நீர் இருப்பதாகக் கொள்ளலாமா?

மாங்குளம் ஆசிரியர்:
உடனே அப்படிக் கொள்ள முடியாது, மகள். வன்னியின் கருங்கல்லில் மின்னைக் கொண்டுசெல்வது வெடிப்புகளில் நிற்கும் நீரும் அதில் கரைந்த உப்பு அயன்களும்தான். கல் ஏறத்தாழ ஒரு காவலி. மூடகத்திலோ வெப்பம் மிகுதியாதலால் கனியமே கடத்துகிறது. மேல் மூடகத்தில் மிகுந்துள்ள ஒலிவின் என்ற கனியம் குறைகடத்தியைப் போன்றது. சூடேற ஏற அதன் கடத்துதிறன் விரைந்து கூடும். அதன் பளிங்கில் மக்னீசியத்துக்குரிய இடங்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றை இரும்பு பிடித்திருக்கும். ஈரேற்ற இரும்பு அயனிலிருந்து மூவேற்ற அயனுக்கு இலத்திரன் தாவுவதே உலர்ந்த ஒலிவினில் மின் செல்லும் முதன்மையான வழி. அங்கே ‘நீர்’ எனப்படுவது பளிங்குக்குள் ஒட்சிசனுடன் பிணைந்திருக்கும் சிறிதளவு ஐதரசன். அது நகர்ந்தாலும் கடத்துதிறன் கூடும் என்று 1990இல் கராட்டோ என்ற அறிஞர் முன்வைத்தார். 410 முதல் 660 கிலோமீற்றர் ஆழம் வரையுள்ள வலயத்தின் கனியங்களான வாட்சிலியைற்றும் ரிங்வுடைற்றும் ஒலிவினைவிடப் பன்மடங்கு நீரை ஏற்கவல்லவை. ஆயினும் அந்த வலயத்தில் நீர் உண்டென்று 2005இலும், உலர்ந்ததென்று 2008இலும், ஆய்வுகூட அளவீடுகளைக் கொண்டே முடிவு கூறினார்கள். ஒரே கனியங்களை அளந்தும் முடிவு வேறுபட்டது என்பதை மனத்தில் வைத்திருங்கள்.

புளியங்குளம் வாசகர்:
காரீயத்தை, அதாவது பென்சிலில் உள்ள காபனை, விட்டுவிட்டீர்களே, சேர். போகலவில் தோண்டி எடுக்கும் காரீயம் மிக நன்றாகக் கடத்துமல்லவா?

மாங்குளம் ஆசிரியர்:
கடத்தும். ஆனால் கனியத் துகள்களின் எல்லைகளில் அது அறாத படலமாகத் தொடர்ந்திருக்க வேண்டும். தனித்தனித் துணுக்குகளால் பயனில்லை. ஏறத்தாழ 150 கிலோமீற்றருக்குக் கீழே காபன் வைரமாக மாறிவிடும், வைரமோ காவலி. அதற்கும் ஆழத்தில் கடத்துதிறன் கூடினால் வெப்பம், இரும்பு, ஐதரசன், உருகிய பாறை ஆகியவற்றையே ஆராய வேண்டும்.

ஓமந்தை மாணவி:
பிரேசில் வைரமொன்றினுள் நீருள்ள ரிங்வுடைற்று இருந்ததாக 2014இல் அறிவித்தார்களே, சேர்?

மாங்குளம் ஆசிரியர்:
ஆம், எடையில் ஏறத்தாழ 1.5 சதவீத நீர். அது உருவான இடத்தில் நீர் இருந்தமைக்கு நேரடிச் சான்று; வலயம் முழுவதற்கும் அந்த ஒரு துகளைச் சான்றாக்க முடியாது. அதற்குக் கடத்துதிறனோடு நிலநடுக்க அலைகளின் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.