தண்டையார்பேட்டையிலிருந்து கல்கத்தா: லாரி லிஃப்ட், கவுச்சர்ஃபிங், கையில் பத்தாயிரம்

தண்டையார்பேட்டை பையன்:

வணக்கம். வயசு 23. கொருக்குப்பேட்டையில ஒரு குடோன்ல டிஸ்பாட்ச் வேலை, இந்த மாசத்தோட விடுறேன். கையில பத்தாயிரம் இருக்கு. கல்கத்தா வரைக்கும் போயிட்டு வரணும். ரூம் போட்டா ஒரு வாரத்துல காசு காலி. அதனால கவுச்சர்ஃபிங்ல (ஊர்க்காரங்க வீட்டுல ஓசியில தங்க ஆள் பிடிக்கிற சைட்) தங்கி, லாரியில லிஃப்ட் கேட்டுப் போலாம்னு இருக்கேன்.

நெல்லூர், விஜயவாடா, விசாகப்பட்டினம்னு பதினோரு பேருக்கு ரிக்வெஸ்ட் அனுப்பினேன். ஒருத்தர்தான் பதில் போட்டார், அவரும் ஊர்ல இல்லையாம். என் ப்ரொஃபைல்ல ஒரு ரெஃபரன்ஸ்கூட (என்னைப் பத்தி மத்தவங்க எழுதுறது) கிடையாது. ஃப்ரெண்டு சொல்றான், "தண்டையார்பேட்டைன்னு போட்டிருக்கல்ல, வடசென்னைன்னாலே பயப்படுறாங்க. அண்ணா நகர்னு மாத்து"ன்னு. மாத்தவா? லாரி எங்க நின்னா கிடைக்கும்? தெலுங்கு அரைகுறை, ஹிந்தி சுத்தமா வராது.

மூலக்கொத்தளம் மணி:

சென்ட்ரல்ல அன்ரிசர்வ்ட் ஏறு ப்ரோ. கக்கூஸ் பக்கத்துல குந்திக்கினு போனா லோக்கல் ஆளுங்க நூறு பேரு பழக்கம் ஆயிடுவாங்க. 😂

பழைய புக்கிங் கிளார்க்:

தம்பி, மாதவரத்துல லாரி புக்கிங் ஆபீஸ்ல ஒன்பது வருஷம் சீட்டு எழுதினவன் நான். இப்ப திருவொற்றியூர்ல இருக்கேன். நீ போற ரோட்டுல விசாகப்பட்டினம் வரைக்கும் மூணு தடவை போயிருக்கேன். கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன், பொறுத்துக்கோ.

முதல்ல அந்த அண்ணா நகர் பேச்சு. மாத்தாதே. விசாகப்பட்டினத்துக்காரனுக்கு அண்ணா நகரும் ஒண்ணுதான், தண்டையார்பேட்டையும் ஒண்ணுதான். பயப்படுறது நம்மூர் ஆளுங்கதான். உனக்குப் பதில் வராததுக்குக் காரணம் ரெஃபரன்ஸ் இல்லாதது. அது வேணும்னா முதல்ல நீ யாருக்காவது ஏதாவது செய்யணும். வீடு சின்னதா இருந்தா தங்க வைக்க வேண்டியதில்ல. "ஊர் சுத்திக் காட்டுறேன்"னு மட்டும் போடு. விடியக்காலை நாலு மணிக்குக் காசிமேட்டுக்குக் கூட்டிட்டுப் போ, மீன் ஏலத்தைப் பாக்கட்டும். அப்படியே ராயபுரம் ஸ்டேஷன். தென்னிந்தியாவோட முதல் ரயில் 1856-ல அங்கிருந்துதான் கிளம்புச்சு, அந்தக் கட்டடம் இன்னும் நிக்குது. சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிர்ல அத்தோ. பர்மாவுலேர்ந்து திரும்பி வந்தவங்க கொண்டுவந்த சாப்பாடுன்னு சொல்லு, அதுக்கப்புறம் அவங்களே கேள்வி கேட்டு உன்னை விடமாட்டாங்க. இந்த மாதிரி நாலு பேர் உன்னைப் பத்தி எழுதினா போதும். கவுச்சர்ஃபிங் 2020-ல சந்தா கேட்க ஆரம்பிச்சதுல நிறைய பேர் கழண்டுக்கிட்டாங்க. ட்ரஸ்ட்ரூட்ஸ், பீவெல்கம் ரெண்டும் இலவசம், அதுலயும் பேரைப் போட்டு வை.

வெளிநாட்டு ஆளை வீட்டுல தங்க வெச்சா மட்டும் 24 மணி நேரத்துக்குள்ள அவர் தங்கியிருக்கார்னு ஆன்லைன்ல போலீசுக்குத் தகவல் போட்டுடு, பாரம்-சின்னு சொல்லுவாங்க. காசு வாங்காம தங்க வெச்சாலும் போடணும். எனக்கு இது தெரியாது. சைக்கிள்ல வந்த ஒரு ஜெர்மன்காரரை மொட்டைமாடியில படுக்க வெச்சேன், தெருவுல யாரோ போட்டுக் கொடுத்துட்டாங்க. போலீஸ் ஸ்டேஷன்ல மூணு மணி நேரம் உட்கார வெச்சுட்டாங்க. அந்த மனுஷன் பாவம், என்கூடவே பெஞ்சுல உட்கார்ந்து கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு "கேரம் சொல்லித் தரேன்"னான். முந்தின நாள் ராத்திரி என்கிட்ட கத்துக்கிட்டது!

இப்ப லாரி. மாதவரம் ரவுண்டானாவுல நிக்காதே, அங்க எவனும் நிறுத்த மாட்டான். சென்ட்ரல்லேர்ந்து லோக்கல் ரயில்ல கும்மிடிப்பூண்டி போயிடு, இருபது ரூபாய்க்குள்ளதான் ஆகும். சூளூர்பேட்டை ரயில் கிடைச்சா இன்னும் நல்லது, ஆந்திராவுக்குள்ளயே இறங்கிடலாம். டோலைத் தாண்டி வண்டி மெதுவா எடுக்கிற இடம், இல்லன்னா டிரைவருங்க டீ குடிக்கிற தாபா, இந்த ரெண்டு இடத்துல மட்டும் கேளு. கட்டைவிரல் காட்டுறதெல்லாம் பைக்குக்கு. லாரிக்குக் கிட்ட போய் வாயைத் திறந்து கேக்கணும். ஏறுறதுக்கு முன்னாடியே "அன்னா, டப்புலு லேவு, பரவாலேதா?" (காசு இல்ல, பரவாயில்லையா)ன்னு கேட்டுடு. நம்ம ஊர்ல லாரியில ஏறினா பஸ் சார்ஜ் மாதிரி ஏதோ கொடுக்கிறது பழக்கம். இறங்கும்போது காசு இல்லன்னா சண்டைதான்.

டிரைவர் உன்னை ஏத்துறது புண்ணியத்துக்கு இல்ல தம்பி. கிளீனர் வெச்சுக்கக் கட்டுப்படியாகாம நிறைய பேர் தனியாத்தான் ஓட்டுறாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஓங்கோல் தாண்டும்போது கண்ணு சொக்கும். பேச்சுக்கு ஒரு ஆள் வேணும், அதுக்குத்தான் நீ. ஏறினதும் பையைத் தலைக்கு வெச்சுத் தூங்கினேன்னு வை, அடுத்த தாபாவுல இறக்கிவிட்டுடுவான். என்னை இறக்கிவிட்டிருக்கான். தப்பு என் பேர்லதான். டீ, வெத்தலை உன் செலவு. குழந்தை எத்தனை, டயர் என்ன விலை, லோடு என்ன, எதையாவது கேட்டுக்கிட்டே இரு. அரைகுறைத் தெலுங்கு தாராளமாப் போதும், நீ தப்பாப் பேசினா அவனுக்குச் சிரிப்பு வந்து தூக்கம் போயிடும்.

லோடு மேல ஏறிப் படுக்காதே. ஒரு தடவை திரும்பும்போது குண்டூர்ல மிளகாய் மூட்டை ஏத்தின வண்டி கிடைச்சுது. மேல காத்தா இருக்கும்னு தார்பாய்க்கடியில படுத்தேன். அரை மணி நேரத்துல மூக்கு, கண்ணு, கழுத்து மடிப்பெல்லாம் எரிச்சல். கையால துடைக்கத் துடைக்க இன்னும் எரியுது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, ஈரத்துண்டை முகத்துல கட்டிவிட்டு, நெல்லூர் வரைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்தார்.

இன்னொண்ணு. சரக்கு வண்டியில ஓசியில போறவனுக்கு அடிபட்டா இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லன்னு சுப்ரீம் கோர்ட் 2002-லயே சொல்லிடுச்சு. எங்க முதலாளி லிஃப்ட் கொடுக்கக்கூடாதுன்னு கத்துறதுக்குக் காரணமே அதுதான். தெரிஞ்சுக்கிட்டு ஏறு.

பெரம்பூர்க்காரி:

அண்ணன் எழுதினது எல்லாம் ஆம்பளைப் பையனுக்குச் சரி. இதைப் படிக்கிற பொண்ணுங்களுக்கு: நான் தனியா லாரி ஏறினதில்ல, ஏறவும் மாட்டேன். ஊருக்கு ஊர் ரயில்ல போய், குடும்பமா இருக்கிற வீடு, இல்லன்னா பொண்ணுங்க வீட்டுல மட்டும் தங்கியிருக்கேன். போனதும் முதல்ல வெளியில டீக்கடையில பார்ப்பேன், பிடிக்கலன்னா அப்படியே திரும்பிடுவேன். அதுக்காக ஒரு ராத்திரி ரூம் காசைத் தனியா எடுத்து வெச்சிருப்பேன், அதைத் தொடவே மாட்டேன்.

தம்பி, நீயும் எடுத்து வை. கன்ஃபார்ம் டிக்கெட் இருந்தா பெரிய ஸ்டேஷன்கள்ல ரிடயரிங் ரூம் டார்மிட்டரி சீப்பாக் கிடைக்கும். கல்கத்தா சுமார் 1,700 கிலோமீட்டர். போறதுக்கு லிஃப்ட் கேளு, திரும்புறதுக்கு ஹவுரா மெயில்ல ஸ்லீப்பர் இப்பவே போட்டுடு. பதினோரு பேருக்கும் ஒரே மெசேஜைக் காப்பி பண்ணித்தானே அனுப்பினே? உண்மையைச் சொல்லு.

தண்டையார்பேட்டை பையன்:

ஆமாக்கா, காப்பிதான். 🙈 ஊர் பேரை மட்டும் மாத்தினேன். ஒருத்தருக்கு அதையும் மாத்தல.

அண்ணா, ரொம்ப தேங்க்ஸ். ஊரை மாத்தல. ட்ரஸ்ட்ரூட்ஸ்ல "காசிமேடு காட்டுறேன்"னு போட்டேன், ஞாயித்துக்கிழமைக்கு ஸ்பெயின்லேர்ந்து ரெண்டு பேர் வராங்க. அம்மாகிட்ட சொன்னேன். திட்டுவாங்கன்னு பார்த்தா, அவங்க கருவாட்டுக் குழம்பு சாப்பிடுவாங்களா, காரம் கம்மி பண்ணணுமான்னு காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. என்ன சொல்லட்டும்?

பழைய புக்கிங் கிளார்க்:

காரத்தைக் குறைக்கச் சொல்லு. தயிர் வாங்கி வை.